முதல் பத்து நிமிடத்தில் அவசரம் வேண்டாம்

"சார், ஆசியாவா, அமெரிக்காவா? எதைத் தட்டுறது?"

போர்ட் கிள்ளானில் நான் நடத்தும் மாலைநேர டியூஷன் வகுப்பு முடிந்து, மாணவர்கள் பையைத் தூக்கிக்கொண்டிருந்த நேரம். படிவம் 4 படிக்கும் ஒரு பையன் கைப்பேசியை என் முன் நீட்டினான். திரையில் கென்ஷின் இம்பாக்ட். புதிதாகச் சேர்பவரிடம் எந்தச் சர்வர் வேண்டும் என்று கேட்கும் பக்கம். அருகில் நின்ற நண்பன், "ஏதாவது ஒன்னைப் போடுடா, அப்புறம் மாத்திக்கலாம்" என்றான்.

அப்புறம் மாற்ற முடியாது. அந்தப் பையனைக் கொஞ்சம் உட்காரச் சொன்னேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இணைய விளையாட்டு என்றதும் பெரியவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: விளையாடலாமா, கூடாதா? ஆனால் படிவம் 1 முதல் பல்கலைக்கழகம் வரை நம் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். எப்படித் தொடங்குவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. ஓர் இணையக் கதாபாத்திர விளையாட்டில் பின்னால் திருத்த முடியாத, அல்லது திருத்தக் கடினமான முடிவுகளில் பெரும்பாலானவை முதல் பத்து நிமிடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன. எந்தச் சர்வர், யார் பெயரில் கணக்கு, எவ்வளவு பணம், எவ்வளவு நேரம். இந்த நான்கிற்கும் பதில் தெரிந்த பிறகே உள்ளே நுழைய வேண்டும் என்பதுதான் என் கருத்து.

சர்வர் என்பது ஓர் ஊர்

ஒரே விளையாட்டை உலகம் முழுவதும் ஒரே கணினியில் வைத்து நடத்துவதில்லை. வட்டாரம் வட்டாரமாகப் பிரித்து நடத்துகிறார்கள். நமக்கு இது புதிதல்ல. தென்கொரியாவில் 2003-இல் தொடங்கிய மேப்பல் ஸ்டோரி, 2005-இல் மேப்பல் ஸ்டோரி சீ என்ற பெயரில் நம் வட்டாரத்திற்கு வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் சைபர் கஃபேக்களில் வளர்ந்த என் தலைமுறைக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே அதன் இசையும் காதில் கேட்கும்.

2020 செப்டம்பர் 28-இல் வெளிவந்த கென்ஷின் இம்பாக்டில் நான்கு சர்வர்கள் உள்ளன: ஆசியா, அமெரிக்கா, ஐரோப்பா, மற்றும் தைவான்-ஹாங்காங்-மக்காவ். ஒரு சர்வரில் நீங்கள் சேர்த்த கதாபாத்திரங்களையும் பொருள்களையும் இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டாவது சர்வரில் நுழையலாம். ஆனால் அங்கே மீண்டும் முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு சர்வரில் இருக்கும் நண்பனோடு சேர்ந்து விளையாடவும் முடியாது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? மூன்றைப் பாருங்கள்.

முதலாவது தூரம். கண்ணாடி இழைக் கம்பிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் போகும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் சுமார் 300 கிலோமீட்டர். போய் வர 3 மில்லி விநாடி போதும். அமெரிக்காவின் மேற்குக் கரை சுமார் 14,000 கிலோமீட்டர். கம்பி நேர்க்கோட்டில் போனாலும் போய் வர 140 மில்லி விநாடி ஆகும். உண்மையில் கம்பி வளைந்து நெளிந்து, பல இடங்களில் நின்று போவதால் இன்னும் கூடும். எதிரியின் அடியிலிருந்து விலக நீங்கள் விரலை அசைத்த செய்தி, அடி விழுந்த பிறகுதான் அங்கே போய்ச் சேரும். எவ்வளவு விலையுள்ள கைப்பேசி வாங்கினாலும் இந்தத் தாமதம் குறையாது. இது இயற்பியல்.

இரண்டாவது கடிகாரம். பலர் கவனிக்காதது இதைத்தான். இந்த விளையாட்டில் ஒவ்வொரு நாளும் சர்வரின் நேரப்படி அதிகாலை 4 மணிக்குப் புதிய நாள் தொடங்கும். ஆசியச் சர்வரின் நேரமும் மலேசிய நேரமும் ஒன்றே. நாம் தூங்கும்போது நாள் மாறும். ஐரோப்பாவைத் தேர்ந்தெடுத்தால் நமக்குக் காலை 11 மணிக்கு நாள் மாறும். நீங்கள் வகுப்பில் இருப்பீர்கள். அமெரிக்கா என்றால் மாலை 5 மணி. புறப்பாட நடவடிக்கை முடிந்து வீடு திரும்பும் நேரம். ஒரு நாளின் பணியை முடிக்க வேண்டிய கெடு பள்ளி நேரத்தில் வந்து விழுந்தால், மேசைக்கு அடியில் கைப்பேசியைத் தட்டத் தோன்றும். தவறான சர்வர் இப்படியும் படிப்பைத் தொடும்.

மூன்றாவது மனிதர்கள். மற்றவரோடு சேர்ந்து விளையாடும் வசதி, சாகசத் தரம் 16-ஐ எட்டிய பிறகே திறக்கும். அதுவரை தனியாகத்தான். திறந்த பிறகு யாரோடு சேரப்போகிறீர்கள்? பள்ளி நண்பர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு புலனச் செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். ஆசியச் சர்வரில் இந்தோனேசியர், பிலிப்பினோ, தாய்லாந்துக்காரர், ஜப்பானியர் எனப் பலரையும் சந்திப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ விளையாடும் ஒரு தமிழரும் எதிர்ப்படலாம். நமக்கு இரவு 9 மணி என்றால் அவருக்கு மாலை 6:30. பேச ஏற்ற நேரம்தான்.

போர்ட் கிள்ளான் பிள்ளைகளுக்கு இதைப் புரிய வைப்பது எளிது. எந்தத் துறைமுகத்தில் இறங்க வேண்டும் என்று முடிவாகாமல் எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றுவதில்லை. பெட்டி மாறி இறங்கிவிட்டால் அதைத் திரும்பக் கொண்டுவரும் செலவு பெரிது. இங்கே திரும்பக் கொண்டுவரவே வழியில்லை.

கணக்கு யாருடையது?

அடுத்த கேள்வி மின்னஞ்சல். இதில் என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் கணினி இல்லை. வீட்டுக்கு அருகிலிருந்த சைபர் கஃபேதான் கதி. அப்போது எல்லாரும் விளையாடிய ஒரு விளையாட்டில் நானும் சேர ஆசைப்பட்டேன். எனக்கென்று மின்னஞ்சல் இல்லாததால் நண்பனின் அண்ணனுடைய முகவரியைக் கொடுத்தேன். பிறந்த தேதி கேட்டது. வயது போதாது என்று சொல்லிவிடுமோ என்ற பயத்தில் வாயில் வந்த ஒரு தேதியைப் போட்டேன். ஓராண்டுக்கும் மேலாக விளையாடினேன். ஒருநாள் வெளியேறாமல் எழுந்து வந்துவிட்டேன். யாரோ கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். மீட்க முயன்றபோது பதிவு செய்த பிறந்த தேதியைக் கேட்டது. எனக்கு நினைவில்லை. மின்னஞ்சலுக்குச் செய்தி அனுப்பியதாகச் சொன்னது. அந்த அண்ணனோ எப்போதோ அந்த முகவரியைக் கைவிட்டிருந்தார். தவறு விளையாட்டு நிறுவனத்தினுடையதல்ல, சைபர் கஃபேயினுடையதுமல்ல. பதிவு செய்த அந்தச் சில நிமிடங்களில் நான் காட்டிய அவசரத்திற்குக் கொடுத்த விலை அது.

ஆகவே உங்கள் சொந்த மின்னஞ்சல், உண்மையான பிறந்த தேதி, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல். இரண்டு படிச் சரிபார்ப்பு இருந்தால் அதையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். விளையாட்டுப் பெயரில் உங்கள் முழுப் பெயரோ பள்ளியின் பெயரோ தொலைபேசி எண்ணோ இருக்கக் கூடாது. அடையாள அட்டை எண்ணை எந்த ஆட்டக்காரரிடமும் சொல்லாதீர்கள். அவர் எத்தனை மாதம் பழகியவராக இருந்தாலும் சரி.

இன்னொரு குறுக்குவழியும் மாணவர்களிடையே உலவுகிறது. நல்ல கதாபாத்திரங்கள் ஏற்கெனவே உள்ள கணக்கைக் குறைந்த விலைக்கு வாங்கித் தொடங்குவது. வேண்டவே வேண்டாம். கணக்கை விற்பதும் வாங்குவதும் விதிமீறல். அதோடு, முதலில் பதிவு செய்தவர் தம் மின்னஞ்சலைக் காட்டி எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள். வங்கியிலிருந்தோ மின்பணப்பையிலிருந்தோ பணம் மோசடிக்காரரிடம் போயிருந்தால் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை உடனே அழையுங்கள். தாமதம்தான் மோசடிக்காரருக்கு லாபம்.

நூறு டாலருக்கு என்ன கிடைக்கும்?

மூன்றாவது முடிவு பணம். இந்த வகை விளையாட்டுகளைத் தரவிறக்க, தொடங்க, கதையை முடிக்க ஒரு காசும் வேண்டாம். பணம் கேட்பது குலுக்கலில்தான். நாணயத்தைப் போட்டுத் திருகினால் பொம்மை விழும் ஜப்பானிய இயந்திரத்தின் பெயரால் இதைக் 'காச்சா' என்கிறார்கள். எந்தப் பொம்மை விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

கென்ஷினில் ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு குலுக்கலில் விழும் வாய்ப்பு 0.6 விழுக்காடு. இது நிறுவனமே அறிவித்த எண். 90-ஆவது குலுக்கலுக்குள் ஒன்று நிச்சயம் வரும் என்றும் விதி இருக்கிறது. ஒரு குலுக்கலுக்கு 160 பிரிமோஜெம். முதல் தடவைக்கான இரட்டிப்புச் சலுகை தீர்ந்த பிறகு, 99.99 அமெரிக்க டாலர் பொட்டலத்தில் 8,080 கிடைக்கும். அதாவது 50 குலுக்கல்.

படிவம் 5 கூடுதல் கணிதம் படிப்பவர்கள் கணிப்பொறியை எடுங்கள். ஒரு குலுக்கலில் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.994. அதை 50 தடவை பெருக்குங்கள். 0.74 வரும். நூறு மாணவர்கள் ஆளுக்கு 50 தடவை குலுக்கினால், சுமார் 74 பேர் ஓர் ஐந்து நட்சத்திரத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து போவார்கள். மீதி 26 பேரின் படங்கள்தான் உங்கள் புலனக் குழுவுக்கு வரும். எழுபத்து நான்கு பேர் படம் போடுவதில்லை.

நூறு டாலர் என்பது ஏறக்குறைய 400 ரிங்கிட். குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டை 26 வேலை நாள்களுக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு 65 ரிங்கிட். ஆக, அந்த 50 குலுக்கல் ஒருவரின் ஆறு நாள் உழைப்பு. நம் ஊரில் கிடங்கில் மூட்டை தூக்கியும் லாரி ஓட்டியும் அந்த ஆறு நாளைச் சம்பாதிப்பவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

இது தெரியாமல் இருப்பதற்கு மாணவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ரிங்கிட்டைக் கொடுத்து ஒரு படிகம் வாங்க வேண்டும். படிகத்தைப் பிரிமோஜெமாக மாற்ற வேண்டும். அதைக் குலுக்கல் சீட்டாக மாற்ற வேண்டும். மூன்று மாற்றம் முடிவதற்குள் உண்மையான விலை கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டரசு வாணிப ஆணையம் தொடுத்த வழக்கில் இதுவும் ஒரு குற்றச்சாட்டு. கென்ஷினை நடத்தும் நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்தவும், அங்கே 16 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதமின்றிக் குலுக்கல் விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஜனவரியில், தென்கொரிய நியாய வாணிப ஆணையம் மேப்பல் ஸ்டோரியின் நெக்சான் நிறுவனத்திற்கு 1,160 கோடி வொன்னுக்கு மேல் அபராதம் விதித்தது. குலுக்கல் பொருளின் வாய்ப்புகளை ஆட்டக்காரருக்குச் சொல்லாமல் குறைத்தது காரணம். சில சேர்க்கைகள் வரவே வராதபடி வைத்திருந்ததும் அம்பலமானது. எத்தனை தடவை குலுக்கினாலும் கிடைக்காத ஒன்றுக்காக மக்கள் பல ஆண்டு பணம் கட்டியிருக்கிறார்கள்.

அங்கே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு இங்குள்ள பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். ஒரு குலுக்கலின் விலையை ரிங்கிட்டிலேயே திரையில் காட்ட வேண்டும். வயது குறைந்தவர் வாங்கினால் பெற்றோருக்குத் தெரிய வேண்டும். அது வரும்வரை நீங்களே ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள். மாணவருக்கு நான் சொல்லும் எண் பூஜ்யம். அப்பா அம்மாவின் அட்டையைக் கைப்பேசியில் சேமித்து வைக்காதீர்கள். தினப் பணிகளைச் செய்தாலே நாளுக்கு 60 பிரிமோஜெம் கிடைக்கும். மூன்று நாளில் ஒரு குலுக்கல். மெதுவாகத்தான் போகும். போகட்டுமே.

நேரத்தையும் கட்டணமாக எண்ணுங்கள்

பணம் கொடுக்காதவர் நேரம் கொடுக்கிறார். இந்த விளையாட்டில் பரிசு வாங்கத் தேவையான 'ரெசின்' 8 நிமிடத்திற்கு ஒன்று வீதம் ஊறும். 200-இல் நின்றுவிடும். கணக்குப் போட்டால் 26 மணி 40 நிமிடம். ஒரு நாளுக்கு ஒரு தடவையாவது வந்து செலவழிக்காவிட்டால் வீணாகிறதே என்று மனம் உறுத்தும். அந்த உறுத்தல் தற்செயலாக வந்ததல்ல. நீங்கள் தினமும் வர வேண்டும் என்று திட்டமிட்டு வைத்த அளவு அது. இதைத் தெரிந்துகொண்டவருக்கு, சோதனைக் காலத்தில் ரெசின் நிரம்பி நிற்பதைப் பார்த்துப் பதற்றம் வராது. நிரம்பினால் நிரம்பட்டும். எஸ்.பி.எம். தாள் ஒருநாள்தான் வரும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றது. அதற்காக விளையாடுகிறவர் எல்லாரும் நோயாளி என்று பொருளல்ல. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் சேர்ந்து வழக்கமாக ஓராண்டு நீடித்தால்தான் அந்தப் பெயர். அந்த அறிகுறிகள் தெரிந்தால் ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ பேசுவதில் வெட்கமில்லை.

"இவ்வளவு தொல்லை இருந்தால் விளையாடாமலே இருக்கச் சொல்லலாமே" என்று பெற்றோர் சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் நான் விளையாடிய நாள்களில்தான் அறிமுகமில்லாத ஒரு சிங்கப்பூர்க்காரரோடும் ஒரு ஜொகூர்க்காரரோடும் ஆங்கிலத்தில் தயக்கமில்லாமல் பேசப் பழகினேன். குழுவில் ஒருவர் தவறு செய்தால் எல்லாரும் தோற்போம் என்பதால், வாக்குக் கொடுத்த நேரத்திற்கு வரவும் பழகினேன். இன்றும் கென்ஷினின் எழுத்துகளை 15 மொழிகளில் படிக்கலாம். அதில் தமிழும் இல்லை, மலாயும் இல்லை. நம் பிள்ளைகள் நீண்ட கதையை ஆங்கிலத்தில் படித்துத்தான் நகர்கிறார்கள். தட்டித் தாண்டாமல் படித்தால் அதுவும் வாசிப்புதான்.

அதே சமயம் யாராவது உங்கள் நிறத்தையோ இனத்தையோ மொழியையோ இழுத்துப் பேசினால் பதிலுக்கு ஏசாதீர்கள். படமெடுத்து வையுங்கள், புகார் கொடுங்கள், தடை செய்யுங்கள். பகடிவதை பள்ளி வளாகத்தில் நடந்தாலும் சர்வரில் நடந்தாலும் பகடிவதைதான். நாமும் பிறருக்கு அதைச் செய்யக் கூடாது.

கடைசியாக ஒன்று. மேப்பல் ஸ்டோரி 2-இன் உலகளாவிய பதிப்பு 2018 அக்டோபர் 10-இல் தொடங்கியது. 2020 மே 27-இல் மூடப்பட்டது. இரண்டாண்டு கூட முழுதாக ஓடவில்லை. அதில் வாங்கிய வீடும் உடையும் வாளும் அன்றோடு போயின. சர்வரில் நாம் வைத்திருப்பது சொத்து அல்ல, நிறுவனம் நடத்தும்வரை பயன்படுத்தக் கிடைத்த அனுமதி. என்னுடைய பழைய கணக்கும் போய்விட்டது. அந்தச் சைபர் கஃபேயில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த இருவர் மட்டும் இன்றும் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வருகிறார்கள்.

அந்தப் பையன் அன்று எதையும் தட்டாமல் கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். அடுத்த வாரம் வந்தபோது பயிற்சிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். ஆசியா. சொந்த மின்னஞ்சல். பணம் பூஜ்யம். வெள்ளி, சனி இரவு மட்டும். அடியில் அவன் அப்பாவின் கையெழுத்து இருந்தது.

"அப்பா ஒன்னும் சொல்லலையா?" என்று கேட்டேன்.

"திட்டலை சார். துறைமுகத்துல லாரி வரிசையில நிக்கிறப்ப பொழுது போகலையாம். அவருக்கும் ஒன்னு போட்டுக் கொடுக்கச் சொன்னாரு" என்றான். "ஆசியாவுலதான் போட்டேன்."